மணி நின்றால் கதவு சாத்தப்படும்

உட்கார மாட்டார். சட்டமன்ற மண்டபக் கதவுக்குப் பக்கத்தில் கதவுக்காரரான அவருக்கென்று முதுகு உயர்ந்த நாற்காலி ஒன்று போட்டிருக்கிறார்கள். அதில் அவருடைய தொப்பிதான் உட்கார்ந்திருக்கும். அவர் நின்றபடியே கீல்களுக்கு எண்ணெய் விடுவார், பித்தளைத் தாழ்ப்பாளைத் துணியால் தேய்ப்பார். தேய்த்த இடத்தில் யாராவது கை வைத்துவிட்டால், அவர்கள் அந்தப் பக்கம் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்து மறுபடி தேய்ப்பார். சட்டமன்ற உறுப்பினர்களுக்குள் அவருக்குப் பெயர் 'தாழ்ப்பாள்'. கேலிக்கு வைத்த பெயர்தான். அவரோ ஏதோ பட்டம் கொடுத்துவிட்ட மாதிரி உள்ளூரப் பூரித்துப் போனார்.

அவருடைய வேலை சின்னது. அவையில் வாக்கெடுப்பு என்றால் கட்டடம் முழுக்கக் குறிப்பிட்ட நேரம்வரை மணி அடிக்கும். நூலகத்தில் தூங்குகிறவர், சிற்றுண்டிச்சாலையில் வம்பளக்கிறவர், மாடி அறையில் கூட்டம் போடுகிறவர் எல்லாரும் அரக்கப்பரக்க ஓடி வருவார்கள். மணி நின்றதும் இவர் கதவைச் சாத்தித் தாழ்போட வேண்டும். அதற்குப் பிறகு வாக்குகளை எண்ணி முடிக்கும்வரை ஒருவரும் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. மந்திரியானாலும் அப்படித்தான்.

இத்தனை வருடத்தில் ஒரு பேச்சையாவது அவர் காதுகொடுத்துக் கேட்டதில்லை. அவர் கண்முன்னே நிறைவேறிய சட்டத்தை மறுநாள் மனைவி பேப்பரில் படித்துவிட்டுச் சொன்னால், "அப்படியா?" என்பார். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொள்வார். "உள்ள என்ன பேசறாங்கன்னு எனக்கெதுக்கு? யாரு உள்ள இருக்காங்க, யாரு வெளிய இருக்காங்க, அதுதான் என் வேலை" என்பது அவர் பதில். இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு கர்வம் தெரியும், பார்க்கச் சகிக்காது.

கர்வத்துக்கு ஒரு காரணமும் உண்டு. முன்பு இருந்த முதல்வர் ஒருவர் போனில் பேசிக்கொண்டே நிதானமாக நடந்து வந்திருக்கிறார். மணி நின்றுவிட்டது. இவர் சாத்திவிட்டார். கூட வந்தவர்கள் குதித்தார்கள். இவர் கதவுக் கண்ணாடி வழியாக, "மணி நின்னுடுச்சுங்க ஐயா" என்று மட்டும் சொன்னாராம். போகிற கல்யாணத்திலெல்லாம் இதைச் சொல்லுவார். சொல்லச் சொல்ல முதல்வர் கதவுக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்துகொண்டே இருந்தார். போன தடவை மூக்கே இடிபட்டுவிட்டது. கதை ஆரம்பிக்கும்போதே மனைவி எழுந்து அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்.

இப்போது அவர் அந்தக் கதையைச் சொல்வதில்லை.

மாநிலத் தேர்தல் அதிகாரியை நியமிக்கவும் நீக்கவும் முதல்வர் ஒருவருக்கே அதிகாரம் என்று ஒரு மசோதா வந்தது. வாக்குகளை எண்ணுகிறவர், எண்ணப்படுகிறவரின் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஆளுங்கட்சியிலேயே சிலருக்கு அது பிடிக்கவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தால் மசோதா தோற்றுவிடும் என்பது வாசலில் நின்ற காவலர்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது. தாழ்ப்பாளுக்குத்தான் தெரியாது.

வாக்கெடுப்பு மாலையில்தான் என்று எதிர்க்கட்சிக்காரர்களிடம் சொல்லியிருந்தார்கள். அவர்கள் மேல்மாடியில் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மதியமே மணி அடித்தது. லிஃப்ட் ஓடவில்லை. தாழ்வாரத்துக் கேமராக்களும் அன்றைக்கென்று பழுது. படிக்கட்டில் திமுதிமுவென்று காலடிச் சத்தம் இறங்கி வந்தது. எல்லாருக்கும் முன்னால் வந்தவர், முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்த ஓர் உறுப்பினர். டீச்சரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். முழங்கால் வலிக்காரர், அன்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "இருங்க, இருங்க!" என்று கத்தினார்.

மணி நின்றது.

முழு நேரம் ஆகுமுன்பே, நிற்கக் கூடாத இடத்தில் நின்றது. காதுக்குத் தெரிவதற்கு முன்பே அவர் உடம்புக்கு அது தெரிந்துவிட்டது. படியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்து, தரை தட்டுப்படுமே, அந்த மாதிரி ஒரு திடுக்கிடல். ஆனால் கை காத்திருக்கவில்லை. மணி நின்றால் கதவு சாத்தப்படும். சாத்திவிட்டது. தாழும் விழுந்துவிட்டது.

அவரிடம் யாரும் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை, மிரட்டவில்லை. சொல்லவே வேண்டாம், இந்த ஆள் மணி நின்றால் கண்ணை மூடிக்கொண்டு சாத்திவிடுவான் என்று தெரிந்தவர்கள் போட்ட கணக்கு அது. ஊழல்காரனை நம்பிச் செய்யும் காரியமில்லை, யோக்கியனை நம்பிச் செய்தது. இதை நினைக்கும்போது எனக்கே வயிறு எரிகிறது. அவருக்கு எப்படி இருக்கும்?

மசோதா நிறைவேறியது. உள்ளே மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. வெளியே டீச்சரம்மா கண்ணாடியில் முகத்தை வைத்து இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. அவ்வளவு நாளும் அவரை எல்லாரும் 'தாழ்ப்பாள்' என்று கூப்பிட, டீச்சரம்மா ஒருவர்தான் 'அண்ணே' என்பார்.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மணி முழு நேரமும் அடித்தது என்றுதான் அவைக்குறிப்பு சொல்கிறது. அடிக்கவில்லை என்று சொல்லக்கூடிய, கட்சி சாராத ஆள்கள் இரண்டே பேர். கதவைச் சாத்தியவர் ஒருவர். கீழ்த்தளத்தில் உட்கார்ந்து மணிப் பொத்தானை அழுத்துகிறவர் மற்றவர். அந்த மணிக்காரன் இவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. இவர் சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வந்தான். வழக்கமாக வாசலிலேயே அக்காவை வம்புக்கிழுத்துக்கொண்டு வருகிறவன், அன்று செருப்பைக்கூட ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு விருந்தாளி மாதிரி உட்கார்ந்தான்.

"பக்கத்துல வந்து நின்னு 'போதும், நிறுத்து'ன்னான் மாமா, பேரவை அதிகாரி ஒருத்தன். நான் என்ன பண்ணுவேன்? கைய எடுத்துட்டேன்" என்றான்.

இவர் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினார்.

"ஞாபகம் இல்லேன்னு சொல்லிடுங்க. பொய்யா அது? இந்த வயசுல மறக்கறது சகஜந்தானே. நான் முழுசா அடிச்சேன்னு சொல்லிடறேன். ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துட்டா யாரு என்ன பண்ண முடியும்?"

"நான் மறக்கலியேடா."

"எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கு மாமா."

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க, சட்டம் வந்தாச்சு இல்ல? நாளைக்கு நீங்க போய் உண்மைய சொன்னா அந்தச் சட்டம் வாபஸ் ஆயிடுமா? ஆகவே ஆகாது. மேல போவாங்க, இழுத்தடிப்பாங்க. இவன்தான் நடுத்தெருவுல நிப்பான். நிறுத்தச் சொன்னவன் நல்லா இருப்பான். அதுதான் நடக்கும், எழுதி வச்சுக்கோங்க."

அந்த அம்மாள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் கொடுமை. அவரும் மறுக்கவில்லை. உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "நீ நிறுத்தின, நான் சாத்தினேன். உன்னையாவது ஒருத்தன் நிறுத்தச் சொன்னான். என்னை எவன்டா சாத்தச் சொன்னான்?" என்றார்.

"அதான் மாமா, உங்க மேல தப்பே இல்லையே!"

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. யார் மேலயும் தப்பு இல்ல. ஆனா டீச்சரம்மா வெளிய நின்னாங்க."

மச்சினன் சாப்பிடாமலே கிளம்பினான். மனைவி அதற்குப் பிறகு இவரிடம் பேசவில்லை. காலையில் சட்டையை மட்டும் தேய்த்து, நாற்காலி முதுகில் போட்டு வைத்திருந்தார்.

நீதிமன்ற அறை சின்னது. மின்விசிறி சத்தத்தில் பாதி வார்த்தை காதில் விழவில்லை. பின்வரிசையில் மனைவி, பக்கத்தில் தம்பி. காலையிலேயே அவன் மணியை முழு நேரமும் அடித்ததாகச் சத்தியம் செய்து சொல்லி முடித்துவிட்டான். இப்போது இவர் முறை. அரசு வழக்கறிஞருக்கு இவரைப் பார்த்துப் பயம் வரவில்லை. பரிதாபப்பட்ட குரலில் கேட்டார்.

"அன்னைக்கு மணி எவ்வளவு நேரம் அடிச்சுதுன்னு கடிகாரத்தப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க."

"உங்ககிட்ட கடிகாரம் இருக்கா?"

"கட்டறதில்லீங்க."

"அப்போ எவ்வளவு நேரம்னு உங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதானே?"

பின்வரிசையில் மச்சினன் மூச்சை விட்டான். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். பொய்கூட இல்லை. வீட்டுக்குப் போகலாம், மனைவி பேசுவார், அந்த இரண்டு பெண் குழந்தைகளும் மாமா மாமா என்று மடியில் வந்து ஏறும்.

அவர் நீதிபதியைப் பார்த்தார். "நிமிஷக் கணக்கு எனக்குத் தெரியாதுங்க ஐயா. நின்னு காட்டட்டுங்களா?"

அரசு வழக்கறிஞர் ஏதோ சொல்ல எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார். "காட்டுங்க."

அவர் கூண்டுக்குள் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றார். வலது கையை, இல்லாத ஒரு கதவில் வைக்கிற மாதிரி உயர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டார். அறையில் பேச்சு அடங்கியது. யாரோ இருமப் போய் அடக்கிக்கொண்டார்கள். சட்டென்று கை இறங்கியது. அவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

"அன்னைக்கு இவ்வளவுதாங்க."

நீதிபதி எழுதிக்கொண்டார். "வழக்கமா?"

அவர் திரும்பவும் கையை உயர்த்தினார். திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். முன்பு கை இறங்கிய நேரம் வந்தது, தாண்டிப் போனது. எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. மச்சினன் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று வெளியே நடந்தான். அவன் பின்னாலேயே ஒரு புடவைச் சரசரப்பும் போனது. அது யாருடையது என்று அவருக்குத் தெரியாமலிருக்க வழியில்லை. மூடிய கண்ணின் ஓரத்தில் ஈரம் கசிந்து கன்னத்தில் இறங்கியது. தூக்கிய கை கனக்க ஆரம்பித்தது. இடது கையால் அதன் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். இறக்கவில்லை.