நற்செய்திக்குத் திறக்கும் ஜன்னல்

குருவாகப் போக வேண்டும் என்று வீட்டார் நேர்ந்துகொண்டது சாமியை அல்ல, அவருடைய அண்ணனை. அண்ணனோ, காலை உணவு முடியும்வரை ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்ற விதியைத் தாங்க மாட்டாமல், குருமடத்துக்குப் போன சில நாளிலேயே பெட்டியும் கையுமாக வீடு திரும்பிவிட்டார். ஊரெல்லாம் சொல்லிவிட்ட பெருமையை எப்படித் திருப்பி வாங்குவது என்று அம்மா கையைப் பிசைந்தபோது, "நான் போறேம்மா" என்று முன்வந்தவர் தம்பி. அவருக்குப் பக்தி இருந்தது உண்மை. மடத்தில் பெரிய விளையாட்டு மைதானம் இருந்ததும் உண்மை. இவற்றுள் எது முந்தியது என்று அவருடைய அக்கா இன்றும் தொலைபேசியில் கேட்பார். சாமியும் இன்றுவரை பேச்சை மாற்றியே வருகிறார்.

மறைபரப்புப் பணிக்காகக் கடல் கடந்து போகப்போகிறோம் என்று தெரிந்தவுடன் அவர் தம்மைத் தயார் செய்துகொண்ட அழகைச் சொல்லத்தான் வேண்டும். சுழலில் சிக்காமல் ஆற்றைக் கடக்க நீச்சல் கற்றார். பாம்புக்கடிக்கு முதலுதவி கற்றார். தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்டுவது எப்படி என்பதைக்கூட ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவருடைய துறவற சபையார் அவரை அனுப்பிவைத்த இடத்தில் ஆறும் இல்லை, பாம்பும் இல்லை. தொழிற்கூடங்கள் வரிசைகட்டி நின்ற ஒரு தெருவில், மூடப்பட்ட டயர் கடை ஒன்று இருந்தது. அதுதான் சிற்றாலயம். வண்டிகளைத் தூக்கி நிறுத்தும் மேடை இருந்த இடத்தில் பீடம் நின்றது. வெயில் ஏறினால், சாம்பிராணியையும் மீறி ரப்பர் மணக்கும்.

அங்கே வருகிறவர்கள் எல்லாரும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். பெரும்பாலோர் தமிழர்; வேறு இரண்டு மொழிக்காரர்களும் உண்டு. சாமி மூன்று மொழியையும் கலந்து பூசை வைப்பார். ஒவ்வொரு மொழிக்காரரும் அவர் மற்ற இரண்டு மொழிகளில் புலி என்று நம்பியதால் காலம் ஓடியது. மருத்துவமனையில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே நின்று பேசுவது, பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவது, வீட்டுக்காரரிடம் குழாய் ஒழுகுவதைப் பற்றி முறையிடுவது ஆகியவற்றோடு, கார் ஓட்டப் பழக்குவதும் அவர் வேலைதான். அவரிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் கூடவே உருக்கமாகச் செபிக்கவும் பழகினார்கள் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள்.

இத்தனை செய்தவரை ஆட்டிப் படைத்தது ஒரே ஒரு ஜன்னல்.

அந்தத் தெருவில் ஒரு பக்கம் பெரிய லாண்டரி. மறு பக்கம் இறைச்சியும் மீனும் வைக்கும் குளிர்கிடங்கு. வாரம் முழுவதும் இஸ்திரி ஆவியில் வெந்த பெண்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் நுழைந்ததும் கேட்பது காற்று. வாரம் முழுவதும் பனிப்புகையில் விறைத்த ஆண்கள் கேட்பது வெதுவெதுப்பு. இருந்ததோ ஒரே பெரிய ஜன்னல். லாண்டரியில் மேற்பார்வை செய்கிறவரை எல்லாரும் லாண்டரி அக்கா என்பார்கள். அவர் திறக்கச் சொல்வார். குளிர்கிடங்கில் மூத்தவரை ஐஸ் அண்ணன் என்பார்கள். அவர் சாத்தச் சொல்வார். பிதா சுதன் பெயர் சொல்லித் தொடங்குவதற்குள் அந்த ஜன்னல் மூன்று முறை திறந்து மூடும்.

சாமி யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு நற்செய்தி வாசிக்கும் முன்பு அவரே நிதானமாக நடந்துபோய் ஜன்னலைத் திறந்தார். பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டுத் தொடங்கியதும், அதே நிதானத்தோடு போய்ச் சாத்தினார். நற்கருணை அப்பம் வாங்கும் நேரத்தில் மறுபடியும் திறந்தார். திருவுடையோடு, கைகூப்பியபடி, தலை குனிந்து போனதால் யாருக்கும் எதிர்ப்பேச்சு வரவில்லை. நாளடைவில், புதிதாக வந்தவர்கள் அதையும் பூசையில் ஒரு பகுதி என்றே எண்ணிக்கொண்டார்கள். ஜன்னல் திறக்கும்போது எழுந்து நிற்கிறவர்களும் உண்டு. சாமி திருத்தவில்லை. திருத்தியிருக்க வேண்டும்தான், ஆனால் அமைதி கிடைத்த இடத்தில் இலக்கணம் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

இப்படி இருக்கையில் சபைத் தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் சாமியைவிட வயதில் இளையவர். எதையும் ஒழுங்காகச் செய்கிறவர்.

"நீங்க உழைச்சது போதும் ஃபாதர். நான் ஒரு தடவை வந்து பாக்கறேன். அந்த மக்கள் சொந்தக் கால்ல நிக்கறாங்கன்னா, பக்கத்துப் பங்குச் சாமி அப்பப்ப வந்து பூசை வைப்பார். நீங்க நம்ம ஓய்வு இல்லத்துக்கு வந்துடுங்க. தோட்டம் இருக்கு, நூலகம் இருக்கு, நேரத்துக்குச் சாப்பாடு."

"உங்க விருப்பம்" என்றார் சாமி. கீழ்ப்படிதலுக்கு வாக்குக் கொடுத்தவர் வேறு என்ன சொல்வார்? ஆனால் தோட்டம், நூலகம், நேரத்துக்குச் சாப்பாடு ஆகிய மூன்றும் அவரைப் பாம்பைவிட அதிகமாகப் பயமுறுத்தின. இந்த டயர் கடையைவிட்டுப் போக அவருக்குத் துளியும் விருப்பமில்லை. அக்காவிடம் சொன்னபோது, "ஏன்டா தம்பி, நீ இருக்கற ஊர்ல பாவம் தீரவே தீராதா?" என்று கேட்டார். "தீர்ற மாதிரி தெரியலக்கா" என்றார் சாமி, நம்பிக்கையோடு.

தலைவர் வருகிறார் என்பதை மட்டும் அவர் கோயிலில் அறிவித்தார். எதைப் பார்க்க வருகிறார் என்பதைச் சொல்லவில்லை. அன்று பூசை முடிந்ததும் லாண்டரி அக்கா எல்லாரையும் நிறுத்திவைத்தார்.

"நாம ஒழுங்கா இல்லைன்னா சாமிக்குத்தான் கெட்ட பேரு. அன்னைக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது."

"ஜன்னலையும்தானே?" என்றார் ஐஸ் அண்ணன்.

"அதைச் சாமி பாத்துக்குவார். நீ உன் வாயைப் பாத்துக்க."

இவர்கள் ஒழுங்காக இருந்தால் சாமி பெட்டி கட்ட வேண்டியதுதான். அதற்காக, தயவுசெய்து சண்டை போடுங்கள் என்று எந்தக் குரு பிரசங்கம் செய்ய முடியும்?

தலைவர் வந்த ஞாயிறு, டயர் கடை கல்யாண வீடுபோல் இருந்தது. பெஞ்சுகள் நூல் பிடித்ததுபோல் நின்றன. வந்தவர்கள் ஒருவருக்கொருவர் இடம் கொடுத்தார்கள். லாண்டரி அக்காவும் ஐஸ் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று புன்னகைத்த காட்சியைச் சாமியால் நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. தலைவர் பூரித்துப்போனார். "இன்னைக்கு நான் பூசை வைக்கறேன். நீங்க உக்காருங்க ஃபாதர்" என்று சாமியை ஓரமாக ஒரு நாற்காலியில் அமர்த்தினார். தொடக்கத்திலேயே மக்களிடமும் சொல்லிவிட்டார்:

"உங்களை இவ்வளவு நல்லா வளத்திருக்கார். இனிமே அவர் ஓய்வெடுக்கலாம். கூடிய சீக்கிரம் எங்களோட வந்துடுவார்."

புன்னகைகள் அப்படியே உறைந்து நின்றன.

நற்செய்தி வந்தது. எல்லாருடைய கண்களும் நாற்காலியின் பக்கம் திரும்பின. சாமியின் முழங்கால்கள் பழக்கத்தால் பாதி எழுந்தன. எழுந்துபோனால், நான் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது என்று காட்டிக்கொள்வதாகும், உட்கார்ந்தால் புழுக்கம். தற்பெருமைக்குப் புழுக்கமே மேல் என்று மறுபடியும் உட்கார்ந்தார். தலைவர் நீண்ட பிரசங்கம் செய்தார், ஒற்றுமையைப் பற்றி. லாண்டரிப் பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். ஐஸ் அண்ணன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பிரசங்கம் இன்னும் நீளக் கூடாதா என்பதுபோல் அமர்ந்திருந்தார்.

இறுதி ஆசீர் முடிந்ததுதான் தாமதம்.

"கடைசிவரைக்கும் திறக்கவே இல்லையே" என்று தொடங்கினார் லாண்டரி அக்கா.

"திறக்கலைன்னா இப்ப என்ன, செத்தா போயிட்டோம்? இன்னைக்குத்தான் பூசை சுகமா இருந்துச்சு."

"உனக்குச் சுகம். எங்க பிள்ளைங்க அவிஞ்ச கிழங்கு மாதிரி உக்காந்திருந்துச்சுங்க."

"நீங்க ஒரு நாள் எங்க கிடங்குல நின்னு பாருங்க. அப்புறம் காத்து கேளுங்க."

தலைவர் கையை உயர்த்தினார். சிக்கலைக் கேட்டறிந்தார், முகம் தெளிந்தது. "இது ரொம்பச் சுலபம். வெப்பத்துல வேலை செய்றவங்க ஜன்னல் பக்கம். குளிர்ல வேலை செய்றவங்க சுவர்ப் பக்கம்."

"அப்ப நான் எங்க உக்காரணும் சாமி?" என்று ஒரு பெண் எழுந்தாள். அவள் ஐஸ் அண்ணனின் மனைவி. "நான் லாண்டரி. இவர் ஐஸ்."

தலைவர் சற்றுத் தயங்கினார். "கணவன் மனைவி சேர்ந்துதான் உக்காரணும்."

"எந்தப் பக்கம்?"

"வேற எந்தப் பக்கம்? என் பக்கம்தான்" என்றார் ஐஸ் அண்ணன்.

"யார் சொன்னது? வீட்லதான் போர்வையெல்லாம் இவர் பக்கம். கோயில்லயுமா?"

அங்கே அப்படிப்பட்ட தம்பதிகள் பலர் இருந்தார்கள். முன்பு வாராவாரம் இரண்டு பேருக்கு இடையே நடந்த சண்டை, தலைவரின் ஒரே தீர்ப்பில் வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்டது. விவரம் புரியாத மற்ற மொழிக்காரர்கள், வந்தவர் ஜன்னலையே சுவர்வைத்து அடைக்கப்போகிறார் என்று எண்ணிக்கொண்டு தாங்களும் எழுந்துவிட்டார்கள். இவ்வளவுக்கும் நடுவில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற காவலாளி ஒருவர் தலைவரை மெதுவாக நெருங்கினார்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. ஜன்னல் திறக்காத பூசை செல்லுமா? இல்ல, சாயந்தரம் வேற எங்கயாவது போய்ப் பூசை பாத்துடணுமா?"

தலைவர் சாமியின் பக்கம் திரும்பினார். "ஃபாதர், இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"எந்தப் புத்தகத்துலயும் இல்லீங்க" என்றார் சாமி. பிறகு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

தலைவரை வண்டிவரை கொண்டுபோய் விட்டபோது, அவர் கதவைப் பிடித்தபடியே சொன்னார்: "உங்களுக்குப் பதிலா வர்றவர்கிட்ட நான் என்னன்னு சொல்லி அனுப்புவேன்? நற்செய்திக்குத் திற, காணிக்கைக்குச் சாத்துன்னா, என்னைத்தான் ஓய்வு இல்லத்துக்கு அனுப்புவாங்க. நீங்க இருங்க. இவங்க அடங்கற வரைக்கும் இருங்க."

"அதுக்கு ரொம்பக் காலம் ஆகுமே."

"அது தெரியுது" என்று தலைவர் வண்டியில் ஏறினார்.

கீழ்ப்படிதலுக்கு ஏற்ற சோகத்தை முகத்தில் நிறுத்திவைக்கச் சாமி பட்ட பாடு கொஞ்சமன்று. வண்டி திரும்பியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தம்மைப் போகவிடாமல் தடுக்கத்தானே இந்த மக்கள் மானத்தையும் விட்டு இப்படிச் சண்டை போட்டார்கள்? உள்ளே போய் லாண்டரி அக்காவின் முன் கைகூப்பினார்.

"ஏம்மா, எனக்காக இவ்வளவும் செஞ்சீங்களே. நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன்?"

"என்ன செஞ்சோம்?"

"சண்டைம்மா. தலைவர் என்னைக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு..."

லாண்டரி அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்காக நாங்க எதுக்கு சாமி சண்டை போடணும்? உங்க பேரு கெடக் கூடாதுன்னு நான் எவ்வளவு நேரம் பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன் தெரியுமா? அந்த மனுஷன் சுகமா இருந்துச்சுன்னு சொன்னதும் பொறுக்கல. நீங்க எழுந்து திறந்திருக்கணும். நாற்காலியில உக்காந்து வேடிக்கை பாத்துட்டு, இப்ப நன்றி சொல்ல வந்துட்டீங்க."

சாமி ஐஸ் அண்ணனைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க சாமி. நான் போட்டது நிஜச் சண்டை. நீங்க போறதா அவர் சொன்னதே பாதிதான் காதுல விழுந்துச்சு. எங்க திறந்துடுவாங்களோன்னு ஜன்னலையே பாத்துட்டு இருந்தேன். இப்ப வீட்டுக்காரி வேற பேச மாட்டேங்கறா. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"அவ பேசாம இருக்கறதுதான் சரி" என்றார் லாண்டரி அக்கா.

சாமி ஈரக் கண்ணை யாருக்கும் தெரியாமல் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனாலும், ஓய்வு இல்லத்தில் இப்படி ஓர் ஏமாற்றம் கிடைக்குமா? பெஞ்சை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, முதல்ல யார் சொல்றீங்க?" என்றார்.

இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள்.