முப்பத்தெட்டில் ஒன்று

கேஸ் சிலிண்டர் வாசலில் வந்து இறங்கினால் மற்றவர்கள் சீலைப் பார்ப்பார்கள், எடையைப் பார்ப்பார்கள். கெசியா குனிந்து அதன் கழுத்து வளையத்தில் குத்தியிருக்கும் எண்ணைப் படிப்பார். "இது போன வருசம் நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போனதுதாங்க" என்பார். சிலிண்டர் போடுகிறவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். கெசியா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவர் கணவர் ஐசக்குக்கு மட்டும் தெரியும்.

வயது நாற்பத்தொன்பது. ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்து மூன்று வருடமாக இருக்கிறார். எண்ணெய் வாடை போகாத வெள்ளைக் கோட்டு, பையில் அளவெடுக்கும் வெர்னியர், காதில் செருகிய பென்சில். வாரம் ஆறு நாள் கெலமங்கலத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் அவர் உட்காருவார், பக்கத்தில் டிஸ்பாட்ச் பொறுப்பாளர் திருமலை.

திருமலைதான் முதலில் கவனித்தவர். பஸ் கிளம்பிய உடனே கெசியா செல்போனைக் கண்ணுக்கருகில் கொண்டுபோவார். திரையில் பழுப்பேறிய காகிதத்தின் படம், மங்கிய தட்டச்சு எழுத்து, பத்தி பத்தியாக எண்கள். ஏதோ அயல்மொழி வேதாகமம் என்றே பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தார்.

"என்னாக்கா, வசனமா?"

"இல்லப்பா. ஏரோப்ளேன்."

அந்தப் பதிலில் தொடங்கியதுதான். முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் நடுவே ஜெர்மனியில் செய்யப்பட்ட ராணுவ விமானங்கள், ஒவ்வொரு வகையிலும் எத்தனை, எந்தத் தொழிற்சாலையில், எந்த மாதத்தில், ஏ என்ற வடிவம் எங்கே முடிந்து பி எங்கே ஆரம்பித்தது என்பதையெல்லாம் கெசியா தேடிக்கொண்டிருந்தார். விமானத்தில் ஏறியே பார்க்காதவர்.

காரணம் கேட்டால் ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்வார். ஜெர்மனியிலிருந்து வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் ஆய்வுக்கு வந்திருந்தார். தேநீர் நேரத்தில், தன் தாத்தா அந்தக் காலத்தில் விமானத் தொழிற்சாலையில் ரிவெட் அடித்தவர் என்றார். கெசியா மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார், அந்த விமானத்தில் எத்தனை செய்தார்கள் என்று. ஒரு புத்தகம் ஓர் எண் சொல்கிறது, இன்னொன்று அதைவிட முப்பத்தெட்டு கூடச் சொல்கிறது, யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார் வந்தவர்.

"எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல, திருமல. ஒரு போல்ட்டு எந்த ஷிப்ட்டுல எவன் முறுக்குனான்னு நம்மகிட்டக் கேட்டு உசுர வாங்குறாங்க. எத்தன ப்ளேன் செஞ்சோம்னு அவங்களுக்கே தெரியலைன்னா எப்படி?"

செல்போனில் பாடம் கேட்டு ஜெர்மன் படித்தார். இயந்திரக் கையேடுகளில் கிடந்த சொற்கள் ஏற்கெனவே பாதி தெரியும். ஆவணக் காப்பகங்கள் இணையத்தில் ஏற்றிவைத்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். காலாவதியான பரிசோதனைப் படிவங்களின் பின்பக்கத்தில் ஒரு விமானத்துக்கு ஒரு தாள். தலைப்பில் அதன் தொழிற்சாலை எண், கீழே அது பிறந்த மாதம், போன இடம், முடிவு. வீட்டு பீரோவில் புடவைகள் மேல் தட்டுக்கு நெருக்கிக்கொண்டு ஏற, கீழ்த் தட்டுகள் மூன்றும் தாள்களுக்கு ஆயின. ஐசக் ஒரு நாள் திறந்து பார்த்துவிட்டு, "ஏர்போர்ட்டே இங்கதான் இருக்குது போல" என்றாராம். பிறகு அவரே போய் நாலு அட்டைப்பெட்டி வாங்கி வந்தார்.

உணவு நேரத்தில் கெசியா சொல்லும் கதைகளுக்குத் திருமலை காத்திருக்க ஆரம்பித்தார். டோர்னியர் கம்பெனியின் பதிமூன்று என்ற குண்டுவீச்சு விமானம் ஓயாமல் விபத்துக்குள்ளாகி, அதைத் திருத்தி, இருபத்து மூன்று என்று வேறு பெயரில் விட்ட கதை. "நம்ம ஆளுங்க மாதிரியேதான். ரிவிஷன் மாத்துனா போதாது, லேபிளையும் மாத்தணும்!" விமானப்படையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்த காலத்தில், தபால் விமானம், பயிற்சி விமானம் என்று சொல்லி ரகசியமாகச் செய்த கதை.

ஒரு முறை திருமலை கேட்டே விட்டார். "ஹிட்லரு சாமானுக்கா இத்தன பாடு? அத எண்ணி யாருக்கு என்னாக்கா ஆவுது?"

கெசியா சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினார். "ஒளிச்சு வச்சுச் செஞ்சது அது. எத்தனைன்னு வெளிய தெரியக் கூடாதுன்னே கணக்கக் கொழப்புனாங்க. அதனாலதான் எண்ணணும்."

அந்த முப்பத்தெட்டை அவர் பிடித்தது நான்காவது வருடம். இரண்டு பேர் உட்காரும் வேவு விமானம் அது. முதல் வடிவத்தில் செய்தவற்றில் முப்பத்தெட்டைத் திருப்பி வாங்கி, எஞ்சின் மாற்றி, சி என்ற பெயரோடு மறுபடி அனுப்பியிருந்தார்கள். தொழிற்சாலை எண் மாறவில்லை. விமான அமைச்சகத்தின் மாதப் பட்டியல் மட்டும் அவற்றைப் புதிதாக வந்தவை என்று இன்னொரு முறை எண்ணியிருந்தது. விஷயம் பிடிபட்ட அன்று கெசியா நேராக டிஸ்பாட்ச் கூண்டுக்கு வந்து நின்றார்.

"ரீவொர்க் போயிட்டு வந்த லாட்ட மறுபடி அனுப்புனா நீ என்னா பண்ணுவ?"

"தனிச் சீட்டுலதான்க்கா போடுவேன். இல்லைன்னா ரெண்டு தடவ எண்ணுன மாதிரி ஆயிடும்."

"அங்க ஒரு திருமல இல்லாமப் போயிட்டான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைத் திருமலை இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜெர்மனியில் ஹாகெடோர்ன் என்று ஓர் ஓய்வு பெற்ற பொறியாளர். முப்பது வருடமாக இந்த விமானங்களைப் பற்றியே ஒரு பெரிய நூல் எழுதிக்கொண்டிருந்தார். கெசியா அவருக்கு எழுதினார். விமான ஆர்வலர்களின் இணையக் குழுவில் சிலர் கேலி செய்தார்கள், பிரேக் கம்பெனிப் பெண்மணி நமக்குப் பாடம் எடுக்கிறார் என்று. ஹாகெடோர்ன் ஏழு மாதம் ஒவ்வொரு எண்ணாகக் கேள்வி கேட்டார். எட்டாவது மாதம், நீங்கள் சொல்வதே சரி என்று எழுதினார். குறைந்த எண்தான் நூலில் போகும், பக்கத்தில் அதைக் கண்டுபிடித்தவர் பெயரும் போகும். ஐசக் கம்பெனிக்கே மைசூர்பாகு கொடுத்தனுப்பினார்.

நூல் அச்சுக்குப் போன வாரம் கெசியா பஸ்ஸில் செல்போனைத் தொடாமல் வந்தார். கம்பெனி வாசல் தெரிந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன், திருமல."

முந்தின நாள் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, புதிதாக ஏற்றியிருந்த விபத்து அறிக்கைகளைப் பார்த்திருக்கிறார். அவற்றில் ஒன்றில் எரிந்த விமானத்தின் படம். தகட்டில் தொழிற்சாலை எண் தெளிவாக இருந்தது. அந்த முப்பத்தெட்டில் ஒன்று. ஆனால் அது எரிந்தது, எஞ்சின் மாற்ற அனுப்பப்படுவதற்கு நான்கு மாதம் முன்பே. எரிந்துபோனதை மாற்றி அனுப்ப முடியாது. விமானப்படை முப்பத்தெட்டு கேட்டிருந்தது, கணக்கு குறையக் கூடாது. தொழிற்சாலை புதிதாக ஒன்று செய்து செத்ததன் எண்ணை அதற்குக் கொடுத்துவிட்டது. இரண்டு முறை எண்ணியது முப்பத்தேழுதான். அவர் கொடுத்த மொத்தத்தோடு ஒன்றைக் கூட்ட வேண்டும்.

திருமலை அவர் பக்கம் திரும்பினார். "அக்கா, புக்கு மெஷின்ல ஏறிடுச்சு. இப்ப போய் இதச் சொன்னா, மொத்தமும் தப்புன்னு அந்தக் கேலி பண்ணுன கும்பல் கெளம்பும். உங்க பேரத் தூக்கிட்டாங்கன்னா? ஒரே ஒன்னு. எவனுக்குத் தெரியப் போவுது?"

"அறிக்கையில ரெண்டு பேரு பேரு இருக்குது. ஒருத்தனுக்கு இருபத்திரண்டு வயசு. என் கணக்குப்படி அந்தப் பையன் செத்த வண்டி, நாலு மாசம் கழிச்சு நல்லா ஓடிக்கிட்டு இருக்குது." கெசியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அத அப்படியே வுட்டுட்டு நான் எப்படி அந்தப் பக்கத்துல பேரு போட்டுக்கறது?"

தேநீர் இடைவேளையில் எழுதினார். நான் ஒன்றைத் தவறாக எண்ணிவிட்டேன், சான்று இணைத்திருக்கிறேன், அச்சை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள், முடியாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள். அனுப்பிவிட்டு வெர்னியரைத் துடைத்துக்கொண்டு லைனுக்குப் போனார்.

பதினொரு நாள் பதிலே இல்லை. திருமலைதான் நாளுக்கு நான்கு தடவை கேட்டார். அந்த நாட்களில் அவர் பரிசோதித்த பாகங்களை டிஸ்பாட்ச் பெட்டியில் அடுக்கும்போது, திருமலை முதல்முறையாக ஒவ்வொன்றின் மேலும் குத்தியிருந்த எண்ணைப் படித்துப் பார்த்தார். பதினைந்து வருடமாகக் கையில் எடுத்தவை.

பன்னிரண்டாவது நாள் பஸ்ஸில் பதில் வந்தது. கெசியா ஒரு முறை தனக்குள் படித்தார், பிறகு திருமலைக்குத் தமிழில் சொன்னார். அந்தத் தாளை மட்டும் நிறுத்தி மறுபடி அச்சடிக்கிறார்கள். எரிந்த விமானத்தின் அறிக்கை ஹாகெடோர்னின் மேசை இழுப்பறையிலேயே பத்தொன்பது வருடமாக இருந்ததாம். நூறு முறை புரட்டியிருக்கிறாராம். "எண்ணை நான் படிக்கவே இல்லை, அம்மையீர்" என்று எழுதியிருந்தார் அந்த எண்பது வயதுக்காரர். திருமலை நடைவழிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நூல் போன மாதம் வந்தது. தலையணை கனம். கேன்டீனில் மேசையைத் துடைத்து அதன் மேல் வைத்தார்கள். கை கழுவாமல் யாரும் தொடக் கூடாது என்று திருமலை காவலுக்கு நின்றார். லைனில் இருந்து, ஸ்டோரில் இருந்து, பெயின்ட் ஷாப்பில் இருந்து ஆட்கள் வந்து சூழ்ந்தார்கள்.

"பேரு எங்கக்கா? அந்தப் பக்கத்தக் காட்டுங்க!"

கெசியா பக்கத்தைத் திருப்பினார். கன்னடக்கார ஃபோர்மன் முதல் காவலாளி வரை எல்லாத் தலைகளும் குனிந்தன. பட்டியலின் கடைசியில் மொத்தம் என்று ஓர் எண்; அதை ஒட்டிச் சின்ன எழுத்தில் கெசியா ஐசக், கெலமங்கலம் என்று இருந்தது. ஐந்தாறு செல்போன்கள் படம் எடுக்க நீண்டன.

கெசியா தன் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் அந்த எண்ணின் கடைசி இலக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.