வெயில்ல காய்ஞ்ச ஐஸ் பீன்ஸ்

அம்மா செத்ததுக்கப்புறம் வந்த மொத அமாவாசை. அவளுக்குப் பிடிச்சதை இலையில வச்சுக் கும்பிடணும். அம்மாவுக்குப் பீன்ஸ் பொரியல்னா உசுரு. தேங்காப்பூ போட்டு, கடிச்சா நறுக்குன்னு இருக்கணும். அது ஒண்ணாச்சும் ஒழுங்காச் செஞ்சிரணும்னு இருந்தேன்.

தீவாளி சீசன். மொத நா ராத்திரி கம்பெனியில வேலை முடிஞ்சு சாத்தூர் போய்ச் சேரையில காய்க்கடை எல்லாம் மூடியாச்சு. பெரிய கடையில ஐஸ்ல வச்ச பீன்ஸ் பாக்கெட்தான் கெடந்துச்சு. நறுக்கியே வச்சிருக்கு. "அப்படியே சட்டில போடுங்கக்கா"ன்னு அந்தக் கடைப்பிள்ளை சொல்லுச்சு. வீட்டுல ஃபிரிட்ஜ் இல்ல. சட்டியில கொட்டி வச்சேன். விடிஞ்சு பாத்தா தண்ணியில மெதக்குது.

நான் குளிச்சிட்டு வர்றேன், சட்டி காலி. மொட்டைமாடியில சாக்கை விரிச்சு, பீன்ஸைப் பரத்திப் போட்டு, பக்கத்துல அப்பா குத்தவச்சிருக்காரு. அவருக்கு நாரணாபுரம் பக்கம் வெடி கம்பெனியில மருந்து காயப்போடுற வேலை.

"ஏம்ப்பா இங்கன கொண்டாந்தீக?"

"ஈரமா இருந்துச்சுத்தா. ஈரத்தோட எதைச் செஞ்சாலும் வெளங்காது."

"இது என்ன வெடி மருந்தா?"

அவரு கையால பெரட்டி விட்டுக்கிட்டே இருந்தாரு. எனக்கு வந்த ஆத்திரத்துல சாக்கோட அள்ளிட்டு வந்துட்டேன்.

தாளிச்சுப் போட்டேன். மேல்தோலு செருப்பு வாரு மாதிரி இழுக்குது, உள்ள கொழகொழன்னு கெடக்கு. கும்பிட வந்த அத்தை ஒண்ணை எடுத்து அமுக்கிப் பாத்துச்சு.

"ஏ புள்ள, இது பொரியலா, நமுத்துப்போன வெடித்திரியா?"

"உங்க தம்பியக் கேளுங்க அத்தை."

வேற என்ன செய்ய, அதைத்தான் இலையில வச்சேன். சூடம் காட்டையில எனக்கு ஒண்ணும் வேண்டிக்கத் தோணல. 'பொரியல் எப்படிச் செய்யணும்னு எத்தன தடவ கேட்டேன், போட்டா தன்னால வெந்துரும்னு சொல்லிட்டுப் போயிட்டியே'ன்னு அம்மாகூடச் சண்டைதான் வந்துச்சு. கண்ணு எரிஞ்சது சூடத்தாலன்னு அத்தைகிட்டச் சொன்னேன்.

சாப்பிட உக்காந்தோம். அப்பா, அம்மாவுக்குப் படைச்ச இலையில இருந்த பொரியலு, சட்டியில இருந்ததுன்னு எல்லாத்தையும் தன் தட்டுல வழிச்சுப் போட்டுக்கிட்டு, தலை நிமிராமச் சவைச்சாரு. எனக்கு ஒரு வாய் வைக்கல. அதுக்கும் எனக்குக் கோவம்தான் வந்துச்சு.