கால் மணி நேரம் முந்திய போன்

நேற்று ஜமுனாமரத்தூர் செல்போன் கடை வேலு என் போனுக்கு அப்டேட் போட்டுக் கொடுத்தான். இன்று மெயில் திறக்கவில்லை. நாளை வேலூரில் இன்டர்வியூ. எங்கே, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அந்த மெயிலில்தான்.

பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்கிறது. அடுத்து, போனில் உள்ள ஆப் காட்டும் ஆறு இலக்க எண்ணைப் போட்டால் தவறு என்கிறது. பிரவுசரை மாற்றியும் அதே கதை.

சந்தேகமே இல்லை, வேலு வேலைதான். நேரே கடைக்குப் போனேன்.

"என் மெயில இன்னாடா பண்ண?"

"இன்னாக்கா, உங்க மெயில வெச்சி நான் இன்னா பண்ணப்போறேன்?"

திருடன் எவன் ஒப்புக்கொண்டான்? முறைத்தபடி அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். மணி மூன்று. என் போனில் மூன்றே கால்.

பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று எங்கள் மலை ஊரில் பலரும் செய்வதுதான். நானும் போனில் மணியை முன்னால் தள்ளி வைத்திருந்தேன். அந்த மணியை நம்பித்தான் ஆப் எண் கொடுக்கிறது; மணி தப்பென்றால் எண்ணும் தப்பு. இத்தனை நாள் மெயில் எண் கேட்டதில்லை. அப்டேட்டுக்குப் பிறகு கேட்டது, மாட்டிக்கொண்டேன்.

"மணிய சரி பண்ணிடுங்கக்கா," என்றான் வேலு. செய்தேன். மெயில் திறந்தது. காலை ஒன்பது மணிக்கு இன்டர்வியூ.

நிம்மதியாக டீ குடித்தேன். வேலூர் போகும் மூன்றரை மணி பஸ்ஸுக்குப் போனில் மூன்றே முக்கால் ஆகட்டும் என்று பழைய கணக்கிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பஸ் போய்விட்டது.

மணியை மாற்றச் சொன்னது யார்? அதனால் வேலு மேல் சந்தேகம் அப்படியே இருக்கிறது. இன்று மாலை யாராவது வண்டியில் வேலூருக்கு இறங்குகிறீர்களா?