தேவகி அக்கா கொத்தனார் ஆன கதை

எங்கள் தொழிலுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் ஆள் பிடிக்கிற வேலை. கவுரவமாகச் சொன்னால், கட்டட வேலைக்குத் திறன் பயிற்சி கொடுக்கிற ஒரு நிலையத்தில் நான் ஒருங்கிணைப்பாளர். நிலையம் வேங்கிக்காலில், ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் நடக்கிறது. ஆளைக் கூட்டி வருவது, மூணு மாசம் ஓடிப்போகாமல் வைத்திருப்பது, பரிட்சை முடிந்ததும் எங்கேயாவது வேலையில் சேர்த்துவிடுவது, மூணும் என் தலையில். நான் படித்ததோ பி.காம். சத்தம் போட்டுப் பேசவும் வராது. இலக்கு, ஃபைல், போட்டோ என்று நீங்களும் எங்காவது குப்பை கொட்டிக்கொண்டிருந்தால் நான் சொல்லப்போவது உடனே புரியும். புரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

பெண்கள் வேணுமாம்

ஒரு நாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இந்தத் தடவை கொத்தனார் பயிற்சியில் பெண்களும் இருக்க வேண்டும், குறைந்தது அஞ்சு பேர். மறுநாள் காலை ஆறரை மணிக்கு, கூலி ஆட்கள் மேஸ்திரிகளுக்காகக் காத்து நிற்கும் முக்கில் போய் நின்றேன். சித்தாள் பெண்கள் டிபன் தூக்கோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் பேசியது முதல் வரிசைக்கே எட்டவில்லை. "என்னா தம்பி, குழு லோனா?" என்றார் ஒருவர். "இவ்ளோ மெதுவா சொல்றான்னா எதுனா வில்லங்கமாத்தான் இருக்கும்" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

எழுந்து வந்தவர் தேவகி அக்கா. நாற்பதை நெருங்குகிற வயசு. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருகிறவர். பதினாறு வருஷமாகச் செங்கல் தூக்குகிறார், கலவை போடுகிறார், கொத்தனாருக்கு எடுத்துக் கொடுக்கிறார். கொத்தனார் டீ குடிக்கப் போன நேரத்தில், அவர் கோணலாக வைத்த கல்லை யாருக்கும் தெரியாமல் நேராக்கி வைத்ததும் உண்டாம். பயிற்சி, சான்றிதழ் என்று நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சர்டிபிகேட்டு இருக்கட்டும். அதக் காட்டினா என் கையில கரண்டி குடுப்பாங்களா?" என்றார். சுவர் கட்டுகிற கரண்டியைத்தான் கேட்கிறார். அது கையில் இருந்தால் கொத்தனார், இல்லாவிட்டால் சித்தாள். குடுப்பாங்கக்கா என்றேன். அவர் டிபன் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இதையாவது கொஞ்சம் சத்தமா சொல்லேன் தம்பி."

எட்டாம் நம்பர்

பயிற்சிக்குப் பாதுகாப்பு ஷூ மூட்டை வந்து இறங்கியது. பிரித்தால் எல்லாமே எட்டு, ஒன்பது, பத்தாம் நம்பர். பெண்கள் வேணும் என்று கேட்டவர்களுக்கு, அவர்களுக்குக் கால் இருக்கும் என்பது தோன்றவில்லை. ஃபோன் போட்டேன். அடுத்த பேட்சுக்குப் பார்க்கலாம் என்றார்கள். சிமெண்டு மூட்டைக் காகிதத்தைக் கிழித்து உள்ளே திணித்துக்கொண்டு அஞ்சு பெண்களும் நின்றார்கள். கால் முன்னே போனது, ஷூ பின்னேயே நின்றது. முருகன் என்று ஒரு பையன், செல்போன் கடை வேலையை விட்டுவிட்டு வந்தவன், அதற்கு முன் செங்கல்லைக் கையால் தொட்டதே இல்லை. அவனுக்கு மட்டும் ஷூ அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. எப்படி இருக்குதுக்கா என்று நான் கேட்டது தப்பு.

"சூப்பரா இருக்குது தம்பி, ஒரு ஷூவுல ரெண்டு சித்தாள் நிக்கலாம்."

கலவை!

மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்குகிற சீசன் வந்ததும் ரெண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்தருக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒருத்தர் ஏன் வரவில்லை என்று தெரியவே இல்லை. கடைசி வரை நின்றது தேவகி அக்கா மட்டும்தான். முருகனுக்கு நூல் பிடிக்க, தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே பாதி நேரம் அவர்தான். பயிற்சி வாத்தியாருக்கும் அதில் சந்தோஷம், உட்கார்ந்து ஃபோன் பார்க்கலாம் இல்லையா.

பரிட்சை நாள் வந்தது. ஆளுக்கொரு மூலைச் சுவர், எட்டு வரி செங்கல் உயரத்துக்கு ரெண்டு மணி நேரத்தில் கட்ட வேண்டும். பரிட்சை அதிகாரி நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்தார். அக்காவின் சுவர் மளமளவென்று எழும்பியது. நாலாவது வரியில் இருக்கும்போது, பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த முருகன் நிமிராமலே "யக்கா, கலவை!" என்றான். சைட்டுகளில் எல்லாரும் கத்துகிற மாதிரிதான் கத்தினான். அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார், சட்டியை எடுத்தார், கலவையை அள்ளிக்கொண்டுபோய் அவன் காலடியில் கொட்டினார். திரும்பி வரும் வழியில் அந்தப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த மற்ற மூணு பையன்களும் கூப்பிட்டார்கள். அவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். பதினாறு வருஷப் பழக்கம், மூளையைக் கேட்காமலே கால் போகிறது. நேரம் முடிந்தபோது எல்லாருடைய சுவரும் எட்டு வரி, அக்காவுடையது ஆறு. குண்டு விட்டுப் பார்த்தால் நேராக இருந்தது அந்த ஆறு வரிதான். அதிகாரி "நேரா இருக்கு, ஆனா வேகம் பத்தாது" என்று எழுதி, கடைசி மார்க்கில் பாஸ் போட்டார்.

முருகன் அழாத குறையாக வந்து நின்றான். "பரிட்சைன்னு மறந்துட்டேன்க்கா. நான் கூப்பிட்டா நீ ஏன்க்கா வந்த?"

"பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா யோசிச்சிருப்பேன்டா, கலவைன்னில்ல கூப்பிட்ட."

செங்கம் ரோட்டில் சொன்ன காரணம்

செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கம் ஒருவர் விடுதி கட்டிக்கொண்டிருந்தார். கார்த்திகை தீபத்துக்குள் ரூமெல்லாம் தயாராக வேண்டும், எத்தனை கொத்தனார் இருந்தாலும் அனுப்பு என்று அவரே ஃபோனில் கேட்டிருந்தார். அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். "சித்தாள் நெறைய இருக்காங்கப்பா" என்றார். இவங்க கொத்தனாருங்க சார் என்று சான்றிதழை நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு ரொம்பப் பொறுப்பான முகத்தோடு, பொம்பளைங்களை வேலைக்கு வைத்தால் தனி பாத்ரூம் வேணும், இங்கே அந்த வசதி இல்லை, தப்பா நினைச்சுக்காதே என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் மணல் சட்டியோடு மாடி ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்போ அவங்க சார் என்று கேட்டேன். ரெண்டாவது தடவை கேட்டபோதுதான் அவர் காதில் விழுந்தது.

"அவங்க எங்கனா மறைவா போயிட்டு வந்துடுவாங்க. கொத்தனார அப்பிடி அனுப்ப முடியுமா, மரியாதை வேணாமா?"

மூணாவது வேட்டி

என்னால் முடியாததை முருகன் செய்தான். அவன் ஊர்க்காரர் டில்லிபாபு மேஸ்திரி வேங்கிக்காலில் ஒரு வீடு கட்டுகிற காண்ட்ராக்ட் எடுத்திருந்தார். அவரிடம் சேர்ந்தவன், "எனக்கே அந்தக்காதான் சொல்லிக் குடுத்துச்சு மேஸ்திரி" என்று நச்சரித்து அக்காவையும் சேர்த்துவிட்டான். அடித்தளத்துக்கு மேலே பின்பக்கச் சுவர், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கம், அக்காவுக்கு. பதினோரு நாள் கரண்டி அவர் கையில் இருந்தது. ஃபைலுக்காகப் போட்டோ எடுக்கப் போனேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நூலிலேயே கண். அந்தப் பதினோரு நாளும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் வாசக்கால் நிறுத்தினார்கள். அன்றைக்கு வீட்டுக்காரர் கொத்தனார்களுக்கு வேட்டி துண்டு, சித்தாள்களுக்கு ரவிக்கைத் துணி, வெற்றிலை பாக்கோடு கொடுப்பது வழக்கம். வேட்டி வாங்கியவர்தான் அந்த வீட்டைக் கட்டியவர் என்று கணக்கு. எத்தனை கொத்தனார் என்று வீட்டுக்காரர் முன்னாடியே கேட்டிருந்தார். மூணு என்று டில்லிபாபு சொன்னார், யார் யார் என்று சொல்லவில்லை. அக்கா புதுப் புடவையில் வந்திருந்தார். டில்லிபாபு ஒன்று வாங்கினார், முருகன் ஒன்று வாங்கினான். "மூணாவது ஆளு எங்கப்பா?" என்றார் வீட்டுக்காரர். அக்கா ஒரு அடி முன்னால் வந்தார். வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார். "பொம்பளைக்கு எப்பிடிங்க வேட்டி தர்றது?" என்றார் அவர் மனைவி, பாவம், நிஜமாகவே குழம்பிப்போய். தட்டைத் திரும்ப உள்ளே கொண்டுபோனால் அபசகுனம். எல்லார் கண்ணும் செல்போனோடு ஓரமாக நின்ற என் மேல் விழுந்தது. "ட்ரெயினிங் குடுத்த சாருதானே, அவரே வாங்கிக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர். அவங்களுக்குக் குடுங்க என்றுதான் சொன்னேன். மேளச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. கை மட்டும் நீண்டுவிட்டது. அக்காவுக்கு ரவிக்கைத் துணி கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் வீட்டுக்காரர் பின்பக்கச் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாராம். மறுநாள் டில்லிபாபு சட்டியை எடுத்து நீட்டியிருக்கிறார், கொஞ்ச நாளைக்குக் கலவை பாருக்கா, பொம்பளை கட்டின சுவராச்சேன்னு வீட்டுக்காரர் பயப்படறார் என்று. நான் போனபோது முருகன் சாரத்தின் மேல் நின்று கட்டிக்கொண்டிருந்தான், அக்கா கீழே மண்வெட்டியால் கலவையைப் புரட்டிக்கொண்டிருந்தார். பேசிப் பாக்கறேன்க்கா என்று ஏதோ சொல்லிக்கொண்டு கிட்டே போனேன். இத்தனை மாசமாகத் தம்பி, தம்பி என்று கூப்பிட்டவர் தலை நிமிராமலே சொன்னார்.

"தள்ளி நில்லுங்க சார், பேன்ட்டுல தெறிக்கும்."

வேலை கிடைத்துவிட்டது

பயிற்சி முடித்தவருக்குக் கொத்தனார் வேலை கிடைக்கவில்லை என்று ஃபைலில் உண்மையை எழுதி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் மேலிடத்திலிருந்து ஃபோன். அந்தம்மா இப்போ எங்கே இருக்காங்க? அதே சைட்டுலதான் சார், ஆனா சித்தாளா. கட்டட வேலைதானே? ஆமா சார், ஆனா அவங்க பயிற்சிக்கு முன்னாடியும் இதே வேலைதான். முன்னாடி பார்த்ததை யாருப்பா கேக்கறாங்க, வேலை கிடைத்துவிட்டது என்று திருத்தி அனுப்பு என்றார். திருத்தி அனுப்பினேன். கடைசியில் மனசு நிறைந்து பாராட்டினார்.

"அடுத்த பேட்சுக்கு இன்னும் கொஞ்சம் லேடீஸ் ஜாஸ்தியா கொண்டாப்பா, நம்ம சென்டர்ல இது நல்லா போவுது."

ஆக, எங்கள் நிலையத்தின் புண்ணியத்தில் அந்த வீட்டில் கொத்தனார் மரியாதை வாங்கியவர்கள் ரெண்டு பேர்: அக்காவிடம் வேலை கற்றுக்கொண்ட முருகன், வாழ்நாளில் ஒரு வரி செங்கல்கூட வைத்திராத நான்.