பதினான்கு குழாய்க்கு ஏற்ற வண்டி

வண்டி பார்த்த அன்று வில்லியனூர்ச் சந்தைத் திடலில் இருந்தவர்கள்: நான். குழாய் இறக்கும் தொழிலில் என் கூட்டாளி அந்தோணி. வில்லியனூரில் வீடும் பாகூரில் நிலமுமாக இருக்கும் சுப்பராயக் கவுண்டர். பழைய லாரி ஒன்றை விற்பதற்காகக் கடலூரிலிருந்து ஓட்டி வந்த டிரைவர். தன் மாட்டு வண்டியை விற்க வந்த சுத்துக்கேணி ஏழுமலை. அவனுடைய மாடுகள் இரண்டு. மாடுகளையும் ஆள் கணக்கில்தான் சேர்க்கிறேன். அன்று விஷயம் தெரிந்து நின்றவை அவை. வாய்தான் இல்லை.

இராமநாதபுரம் சீமையிலிருந்து இங்கே பிழைக்க வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கேயும் தமிழ்தான். ‘என்ன’ என்பதை ‘இன்னா’ என்பார்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது வேறு. என் எதிர்வீட்டுக்காரன் விடியற்காலையில் சொம்பும் கையுமாகப் போவான். எங்கே என்று கேட்டால் இங்கிலீஷ்காரன் நிலத்துக்கு என்பான். கால் நாழிகையில் பிரெஞ்சு ராஜ்யத்துக்குத் திரும்பி வந்து பல் துலக்குவான். இங்கே நாலு ஊர் பிரெஞ்சுக்காரனுடையது, அடுத்த ரெண்டு ஊர் இங்கிலீஷ்காரனுடையது, அதற்கு அடுத்தது மறுபடியும் பிரெஞ்சுக்காரனுடையது. ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி கிடக்கிறது நாடு. வில்லியனூரிலிருந்து பாகூர் போக வேண்டுமென்றால் நடுவில் இங்கிலீஷ் ஊர்களைத் தாண்ட வேண்டும். ரெண்டு பக்கமும் ஒரே நெல்தான் விளைகிறது.

நம் ஊரில் அந்தத் தொந்தரவு இல்லை. ஒரே சர்க்கார், இங்கிலீஷ்காரனுடையது. தண்ணீர்தான் இல்லை. என் அப்பா கிணறு வெட்டுகிறவர். எழுபது அடி வெட்டியும் அவருக்குக் கிடைத்தது பாறை. அந்தக் குழியை ஊரார் இன்றைக்கும் மரியாதையாகக் கிணறு என்றுதான் சொல்கிறார்கள். இங்கே மூன்று மரங்களைச் சாய்த்து முக்காலி நட்டு, இருபது அடிக் குழாயை ஒன்றன் தலையில் ஒன்றாகத் திருகி இறக்கினால், ஒன்பதாவது குழாயில் தண்ணீர் தானாக மேலே வந்து கொட்டுகிறது. முதல் தடவை பார்த்தபோது கீழேயிருந்து யார் தள்ளுவது என்று அந்தோணியைக் கேட்டேன். கவர்னர்தான் உட்கார்ந்து தள்ளுகிறார் என்றான். கொஞ்ச நேரம் நம்பினேன்.

இந்தக் குழாய்களைச் சுமக்கத்தான் வண்டி. ஆறு வருஷம் சேர்த்த காசு கையில் இருந்தது. தவறாக வாங்கினால் ஊருக்குத் திரும்பி அப்பாவின் குழியை எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆகையால் எல்லோரிடமும் யோசனை கேட்டேன். எல்லோரும் நல்ல யோசனை சொன்னார்கள். டிரைவர் இஞ்சினைத் திறந்து காட்டினார். அந்தோணி சக்கரத்தை எட்டி உதைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தி என்றான். எதில் திருப்தி என்று சொல்லவில்லை. கவுண்டருக்கு அவசரம். பாகூர் நிலத்தில் நடவுக்கு முன் தண்ணீர் வர வேண்டும். லாரியில் பதினான்கு குழாயும் ஒரே நடையில் போகும், மாட்டு வண்டி என்றால் மூன்று நடை என்று கணக்குச் சொன்னார். ஏழுமலை மட்டும் தன் மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னான்.

“ந்தா, என் மாட்டுக்கு வழி தெரியும்பா. கமியோனுக்குத் தெரியுமா?”

லாரியை இங்கே கமியோன் என்பார்கள். பிரெஞ்சு வார்த்தை. விற்க வந்தவன் பெருமை பேசுகிறான் என்று நினைத்தேன். எந்த வழி என்று நான் கேட்கவில்லை. கேட்காத ஒருவனுக்கு விளக்கம் சொல்லும் வழக்கம் இந்தப் பக்கத்தில் இல்லை. லாரியை வாங்கினேன்.

பாகூருக்குப் போகும் ரஸ்தாவில் இங்கிலீஷ்காரனுடைய சுங்கச் சாவடி இருக்கிறது. மூங்கில் மரத்தைக் குறுக்கே போட்டிருப்பார்கள். அதுவரை பாகூருக்கு நடந்தே போனவன் நான். கூட வருகிறவர்கள் வரப்பில் இறங்கினால் நானும் இறங்குவேன். குறுக்கு வழி என்று நினைத்திருந்தேன். லாரி வரப்பில் இறங்காது.

சாவடி அதிகாரி தொப்பியும் பெல்ட்டுமாக வந்து ஊரைக் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. “நமக்குப் பரமக்குடிப் பக்கம் அப்பு” என்றார். ‘அப்பு’ என்று ஒருவர் என்னைக் கூப்பிட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. மோர் கொடுத்தார். குழாய்க்கு வரி உண்டு, ஆனால் நம்ம ஊர்ப் பிள்ளையிடம் எப்படி வாங்குவது என்று யோசித்தார். வேலைச் சாமான் என்று எழுதினால் வரி கிடையாது, போனது போலத் திரும்பி வந்தால் போதும் என்றார். முக்காலி ஒன்று, சங்கிலி ஒன்று, குழாய் பதினான்கு. நான் கையெழுத்துப் போட்டேன். குழாய் திரும்பி வருகிற சாமான் அல்ல என்பது அந்த நேரம் எனக்கே தோன்றவில்லை. மோர் அவ்வளவு நன்றாக இருந்தது.

பாகூரில் ஒன்பது குழாய் இறங்கியது. தண்ணீர் வந்தது. கவுண்டர் கற்பூரம் கொளுத்தினார். மீதி ஐந்தோடு சாவடிக்குத் திரும்பினேன். என் ஊர்க்கார அதிகாரி எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். மற்றது எங்கே என்று கேட்டார். பூமிக்குள் என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். வரியைக் கட்டிவிடுகிறேன் என்றேன்.

“இப்பக் கட்டினா, அன்னைக்கு நான் பொய் எழுதுனேன்னு ஆகிப்போகும் அப்பு. என் வேலை போயிரும். குழாயைக் காட்டு, போதும்.”

இங்கிலீஷ் அதிகாரி பிரெஞ்சு நிலத்தில் கால் வைக்கக்கூடாது. ஆகையால் தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு, ஊர்க்காரராக என்னோடு வரப்பில் வந்தார். குழாய் வாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து முகம் கழுவினார். ஒரு கை குடித்தார்.

“நம்மூர்ல இப்படி ஒண்ணு இருந்தா, நாம ரெண்டு பேரும் இங்க எதுக்கு அப்பு நிக்கிறோம்?”

பிறகு எண்ணினார். தரைக்கு மேலே தெரிந்தது ஒரு குழாயின் தலை. நேர்மையான மனுஷன். கண்ணால் பார்த்ததைத்தான் எழுத முடியும், ஒன்று என்று எழுதிக்கொள்கிறேன் என்றார். மீதியைப் பிடுங்கிக் கொண்டுவந்து காட்டினால் லாரி உனக்கு, இல்லாவிட்டால் அது சாவடியில்தான் நிற்கும் என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

கவுண்டரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“ரெண்டு காணி நாத்து நிக்குது. உன் கமியோன் தண்ணி குடிக்குமா, என் நாத்து தண்ணி குடிக்குமா, நீயே சொல்லுபா.”

அந்தோணி குழாயின் தலையைத் தொட்டுப் பார்த்தான். பிடுங்க ஒரு பகல் போதும். இறக்கியவனுக்குப் பிடுங்கத் தெரியும். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். தண்ணீர் வந்த குழாயைப் பிடுங்கியவனின் அப்பன் என்று என் அப்பாவுக்குப் பேர் வரக்கூடாது.

முக்காலியையும் சங்கிலியையும் ஐந்து குழாயையும் லாரியிலிருந்து இறக்கி, பாகூர்ப் பக்கம் ரஸ்தா ஓரத்தில் போட்டுக்கொள்ள ஊர்க்காரர் விட்டுவிட்டார். ஏற்றிப் போக ஏழுமலை வந்தான். சாவடிக்கு ஒரு கூப்பிடு தூரம் முன்னாலேயே மாடுகள் ரஸ்தாவை விட்டுத் தாமாக வண்டித் தடத்தில் இறங்கின. யாரும் கயிற்றை இழுக்கவில்லை. அன்றைக்குச் சொன்னது இந்த வழியா என்று கேட்டேன். வேறு எந்த வழி என்றான் ஏழுமலை. ஊருக்கே தெரிஞ்ச வழிதானே, உனக்குத் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியாதே என்றான் அந்தோணி.

அந்த மாட்டு வண்டியைத்தான் இப்போது வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். வண்டி வாங்க வருகிறவர்களுக்கு என் யோசனை: இஞ்சினைப் பார்க்க வேண்டாம். அது எங்கே நிற்கும் என்று கேளுங்கள்.

லாரி சாவடிப் புளியமரத்தடியில் நிற்கிறது. ஊர்க்காரர் அதைத் துடைத்துத்தான் வைத்திருக்கிறார். தடத்தில் போகும்போது தெரியும். நான் பிறந்த நாட்டில் என் வண்டி நிற்கிறது. என் தண்ணீர் இந்த நாட்டில் ஓடுகிறது. நான் நடுவில் மாட்டு வண்டியில் போகிறேன். ஊர்க்காரர் என்னைக் கண்டால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். சாவடிக்குத் தப்பித் தடத்தில் போகிறவனைப் பார்த்துவிட்டால் பிடித்தாக வேண்டுமே. ஊர்க்காரன் என்பதற்காக எனக்கு அவர் இன்னும் செய்கிற உதவி அது.

அவருடைய புத்தகத்தில் என் பேருக்கு நேரே இன்னும் எழுதியிருக்கிறதாம்: குறைவு, குழாய் எட்டு.