இடைவேளைக்குப் பின் வந்த பாட்டு

பெரியண்ணன் இசையமைத்த முதல் படம் திருச்சியில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. துறையூர்ப் பக்கத்து விவசாயி மகன் அவர். நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்து, மெட்ராஸுக்குப் போய் அலையாய் அலைந்து பிடித்த வாய்ப்பு அது. 1961இல் படம் படுத்ததும், நேற்றுவரை தோளில் கைபோட்டவர்கள் ஸ்டுடியோ வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மனைவி பவுனம்மாளோடு திருச்சிக்கே திரும்பிப் பாலக்கரையில் குடியேறினார். திருவெறும்பூரில் புதிதாக எழும்பிய தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை கிடைத்தது. ஆர்மோனியத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். பவுனம்மாள் அதை வெளியே இழுத்துத் துடைத்து வைப்பாள். அவர் மறுபடி உள்ளே தள்ளுவார்.

பக்கத்து வீட்டுப் பிச்சமுத்து கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர். 1965 ஆவணியில் ஒருநாள், "சும்மா வாங்கண்ணே, சாப்பிட்டுட்டு வருவோம்" என்று ஸ்ரீரங்கத்துச் சத்திரம் ஒன்றுக்குப் பெரியண்ணனை இழுத்துப் போனார். திருச்சி வட்டாரத்துக்குப் படங்களை வாங்கி வெளியிடும் வீரமலை வீட்டுக் கல்யாணம் அது.

பெண்ணை அழைத்து வரும்போது பிச்சமுத்து ஒரு இசைத்தட்டைச் சுழலவிட்டார். பெரியண்ணனுக்கு உடம்பு சிலிர்த்தது. அவருடைய பாட்டு! முடிந்ததும் பெண்கள் கூட்டத்திலிருந்து, "அதையே இன்னொரு தடவை போடுங்க!" என்று குரல் வந்தது.

வீரமலையே எழுந்து வந்தார். "இது எந்தப் படம்ப்பா?"

"ஓடாத படம்ங்க. ஆனா நான் போற கல்யாணத்துல எல்லாம் இதைத்தான் கேக்குறாங்க. மியூசிக் போட்டவரு இந்தா நிக்கிறாரு."

படத்தின் பெயரைக் கேட்டதும் வீரமலை வாய்விட்டுச் சிரித்தார். "அடப்பாவமே! அதை வாங்கிக் கையைச் சுட்டுக்கிட்டதே நான்தான். இந்தப் பாட்டு எங்கய்யா இருந்துச்சு?"

"இடைவேளைக்கு அப்புறம் வரும்ங்க" என்றார் பெரியண்ணன்.

"அங்கதான் தப்பு பண்ணிட்டேன். பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டேன்!"

மறுவாரமே வீரமலை மெட்ராஸ் தயாரிப்பாளர் ஒருவரிடம் பேசினார். பெரியண்ணன் இசையமைத்தால் திருச்சி ஏரியாவுக்குப் படத்தைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். தயாரிப்பாளரும் சம்மதித்தார்.

பெரியண்ணனுக்குத்தான் பயம். "இதுவும் படுத்துட்டா?"

"லீவு போட்டுட்டுப் போங்க. வேலையை விட வேணாம். படுத்தா திங்கக்கிழமை வேலைக்குப் போங்க" என்றாள் பவுனம்மாள்.

ஒலிப்பதிவு அன்று வயலின்காரர்கள் முன்னால் நின்றபோதும் அந்தப் பயம் விடவில்லை. முதல் வரி சரியாக விழுந்ததும் அது விட்டுப்போனது.

அந்தப் படம் திருச்சியில் நூறு நாள் ஓடியது. மூன்றாவது படம் கைக்கு வந்த பிறகே அவர் தொழிற்சாலை வேலையை விட்டார். பவுனம்மாளோ மெட்ராஸுக்குக் குடிபோக மாட்டேன் என்றுவிட்டாள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாதாம். அதனால் மெட்டுகள் எல்லாம் பாலக்கரையிலேயே பிறந்தன. புது மெட்டு பிடித்துப்போனால் பிச்சமுத்து சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, "அண்ணே, இன்னொரு தடவை!" என்பார்.